லவ் பண்ணும்போது போனை என்ன செய்வது? ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு கையேடு

பத்தாவது, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற வயதில் ஒருவர் மேல் ஈர்ப்பு வருவது தப்பே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று பேசினால் ஊரே பார்க்கும், வீட்டுக்குப் போய்ப் பேசவும் முடியாது. அதனால் ரீல்ஸ் அனுப்புவதில் ஆரம்பித்து, இன்ஸ்டா டிஎம்முக்குப் போய், அப்புறம் வாட்ஸ்அப் நம்பர் வாங்கி, ராத்திரி போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு சாட் பண்ணுகிற வரைக்கும் எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான் நடக்கிறது. நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாடம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு ஓரமாக வந்து நின்று, "மிஸ், சீன் பண்ணிட்டு ரிப்ளை பண்ணவே இல்ல மிஸ்", "மிஸ், பாஸ்வேர்டு கேட்குறான், குடுக்கவா?" என்று ஆரம்பிப்பார்கள். சில நேரம் அதைவிடக் கஷ்டமான விஷயம் வரும்.

அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற என் கருத்து ஒன்றுதான்: ஒருவர் உங்களை விரும்புகிறாரா என்பதற்குப் போனைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு தடவை கூப்பிட்டால் தினமும் கூப்பிட வேண்டியிருக்கும்.

டிக்கையும் லாஸ்ட் சீனையும் எப்படிப் படிப்பது

முதலில் அந்த அடையாளங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி சண்டை அங்கேயே நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் மெசேஜ் கிளம்பிவிட்டது, அவர்கள் போனுக்குப் போய்ச் சேரவில்லை. போன் ஆஃபாகி இருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், அப்பா வை-ஃபையை அணைத்திருக்கலாம். பிளாக் பண்ணினாலும் ஒரு டிக்தான் காட்டும் என்பது உண்மை, ஆனால் ஒரு டிக்கைப் பார்த்த உடனே பிளாக் என்று முடிவுக்கு வர முடியாது. இரண்டு சாம்பல் டிக் என்றால் போன் வரைக்கும் போய்விட்டது, அவ்வளவுதான். ப்ளூ டிக் என்றால் அந்த சாட்டைத் திறந்திருக்கிறார்கள். படித்தார்களா, யார் திறந்தார்கள் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. 'ஆன்லைன்' என்று காட்டினால் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கிளாஸ் குரூப்பில் ரெக்கார்டு நோட் போட்டோவைத் தேடிக்கொண்டிருந்தாலும் ஆன்லைன்தான், அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தாலும் ஆன்லைன்தான்.

இதை வைத்துக்கொண்டு "ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருந்த, யார்கூடப் பேசிட்டிருந்த?" என்று கேட்பது விசாரணை. அதைக் கேட்கிறவருக்கும் தூக்கம் போய்விடும், பதில் சொல்கிறவருக்கும் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் பிரைவசி என்று இருக்கும். அதில் லாஸ்ட் சீனையும் ஆன்லைனையும் மறைக்கலாம், ரீட் ரிசிப்ட்ஸை அணைத்தால் ப்ளூ டிக் போய்விடும். நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது, அந்த ஏற்பாடு நல்லதுதான். அப்படியும் குரூப்பில் ப்ளூ டிக் வரும், வாய்ஸ் நோட்டைக் கேட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஸ்டாவில் ஆக்டிவிட்டி ஸ்டேட்டஸ் என்று தனியாக இருக்கிறது, அதையும் அணைத்துவிடலாம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து அணைப்பது இன்னும் நல்லது. ஒருவர் மட்டும் சொல்லாமல் அணைத்தால் அதற்கே ஒரு சண்டை வரும்.

அப்புறம், பதில் வராத நேரத்துக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாது என்றால் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போங்கள்: "வீட்ல ஆள் இருக்காங்க, நாளைக்குப் பேசுறேன்", "நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட், இப்போ வெக்கிறேன்". இந்த ஒரு வரி இல்லாததால்தான் எதிர்ப்பக்கம் இருபது மெசேஜ் குவிகிறது. நீங்கள்தான் காத்திருக்கிறவர் என்றால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். "ஹலோ", "இருக்கியா", "???", மிஸ்டு கால், மறுபடி மிஸ்டு கால் என்று போய்க்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போன் யார் கையில் இருக்கிறது என்பதை யோசியுங்கள். அநேகமாக அவங்க அம்மா கையில்.

ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக் (இரண்டு பேரும் விடாமல் எத்தனை நாள் ஸ்னாப் அனுப்பிக்கொண்டீர்கள் என்ற எண்ணிக்கை) பற்றியும் கேட்கிறார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும். அந்த எண்ணிக்கை தினமும் உங்களை ஆப்புக்குள் வரவைக்க அந்த நிறுவனம் வைத்திருப்பது. உங்கள் இரண்டு பேர் நடுவில் இருக்கும் அன்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாஸ்வேர்டு கேட்டால்

கொடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, பையன் கேட்டாலும் பெண் கேட்டாலும் இதேதான். "என்மேல நம்பிக்கை இருந்தா குடு" என்பார்கள். நம்பிக்கை இருந்தால் ஏன் கேட்க வேண்டும்? உங்கள் அக்கவுண்டில் உங்கள் பேச்சு மட்டுமா இருக்கிறது, உங்கள் தோழி அவள் வீட்டுப் பிரச்சினையை அழுதுகொண்டே சொன்னதும் அங்கேதான் இருக்கிறது. அதை இன்னொருவருக்குத் திறந்துகாட்ட உங்களுக்கு உரிமை இல்லை. மறுப்பதற்கு வார்த்தை வரவில்லை என்றால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல, ஆனா இதுல மத்தவங்க பேசுனதும் இருக்கு, அதனால யாருக்கும் குடுக்க மாட்டேன்." இதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். அந்த இரண்டு நாளில் அவரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. இன்ஸ்டாவில் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் போய், பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டியில், எந்தெந்தப் போனில் உங்கள் அக்கவுண்ட் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். உங்களுடையது இல்லாத எல்லாவற்றையும் லாக் அவுட் பண்ணுங்கள்.

வாட்ஸ்அப்பில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 'லிங்க்டு டிவைசஸ்' என்று ஒரு இடம். போன் லாக் தெரிந்த ஒருவர், உங்கள் போனை ஒரு நிமிடம் வாங்கி அவருடைய லேப்டாப்பில் வருகிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் யாரோடு என்ன பேசினாலும் அவர் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் போனில் நெட் ஆஃபாகி இருந்தாலும் அது வேலை செய்யும். இப்படி நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். "நான் சொல்லாத விஷயமெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியுது?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டபோது அங்கேயே போனைத் திறக்கச் சொன்னேன். அவள் கை வைத்தே பார்த்திராத ஒரு விண்டோஸ் கணினி அந்தப் பட்டியலில் இருந்தது, 'ஆக்டிவ்' என்று. அவள் முகம் வெளுத்துவிட்டது. அதைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தோம், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க பின் போட்டோம், போன் லாக்கை மாற்றினோம். ஐந்து நிமிட வேலை. இதைப் படிக்கிற நீங்களும் இப்போதே ஒரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

லொகேஷனும் இதே மாதிரிதான். கூகுள் மேப்ஸில் லைவ் லொகேஷன் பகிர்ந்து வைத்திருந்தால் நிறுத்துங்கள், ஸ்னாப்சாட்டின் ஸ்னாப் மேப்பில் நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கிற கோஸ்ட் மோடு போடுங்கள். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பகிர்வது வேறு. நாள் முழுக்க எங்கே இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதைப் பொசசிவ் என்று கொஞ்சலாகச் சொல்கிறார்கள், எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது.

போன் உங்களுடையதாக இல்லாவிட்டால்

நிறையப் பேருக்குச் சொந்தப் போன் கிடையாது. அம்மா போன், அல்லது அண்ணனுடைய பழைய போன், அதில் வீட்டு கூகுள் அக்கவுண்ட். இதில் கவனிக்க வேண்டியது கேலரிதான். வாட்ஸ்அப்பில் வருகிற படங்கள் தானாகக் கேலரியில் சேரும், அந்த ஃபோல்டருக்கு பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸுக்கும் போகும். அதே அக்கவுண்ட் அப்பா போனிலும் வரவேற்பறை டிவியிலும் இருந்தால் அங்கேயும் தெரியலாம். சாட்டை டெலிட் பண்ணிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், படம் வேறெங்கோ பத்திரமாக இருக்கும். அந்த சாட்டுக்கு மட்டும் மீடியா விசிபிலிட்டியை அணைக்கலாம். கூகுள் போட்டோஸில் அழித்தாலும் குப்பைத்தொட்டியில், பேக்கப் ஆன படம் 60 நாள் வரை கிடக்கும், அதையும் காலி பண்ண வேண்டும்.

எதிர்ப்பக்கம் இருப்பவர் அம்மா போனில் பேசுகிறார் என்றால் அவரை மாட்டிவிடாத மாதிரிப் பேசுவது உங்கள் பொறுப்பு. அவர் முதலில் மெசேஜ் போடும் வரை நீங்கள் போடாதீர்கள். நம் ஊரில் ஒரு பெண்ணின் போனில் ஒரு மெசேஜ் பிடிபட்டால் போன் போகும், பள்ளிக்கூடம் நிற்கலாம், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கவும் ஆரம்பிக்கலாம். ஜாதி வேறு என்றால் அதற்கு மேலும் நடக்கும், இரண்டு பக்கமும் உயிருக்கே ஆபத்தாகும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இன்னொருவர் காதலைப் பற்றிய ஸ்கிரீன்ஷாட்டை விளையாட்டுக்கோ பழிவாங்கவோ வீட்டாருக்கு அனுப்புவது மிகக் கொடிய காரியம். நண்பர்கள் யாராவது அப்படி மிரட்டினால் தடுத்து நிறுத்துங்கள். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

போட்டோ கேட்டால்

இதுதான் பெரிய விஷயம், நிதானமாகப் படியுங்கள்.

அந்தரங்கப் படம் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, "வேணாம், எனக்குப் பிடிக்கல" போதும். மறுபடி கேட்டால் மறுபடி அதேதான். மூன்றாவது தடவையும் கெஞ்சினால், அல்லது "அவ அவனுக்கு அனுப்புறா" என்று ஒப்பிட்டால், அங்கே பேச்சை நிறுத்துங்கள். ஒரு தடவை மட்டும் திறக்கிற 'வியூ ஒன்ஸ்' போட்டு அனுப்பினால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாட்ஸ்அப் அதில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கிறது, சரி. பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்து எடுத்தால் யார் தடுப்பார்கள்?

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-இல் வந்தது, அதன்படி 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் குழந்தை. அவர்களுடைய பாலியல் படத்தைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். அனுப்பியது வகுப்புத் தோழன், அவனுக்கும் பதினேழுதான் என்றால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும், வழக்கு இல்லாமல் போகாது. பரப்பத்தான் வேண்டும் என்றில்லை. இப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த வழக்கே நம் சென்னையிலிருந்து போனதுதான். பையன்களே, குரூப்பில் யாரோ ஒரு பெண்ணின் படம் வந்து விழுந்தால் சிரித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், போட்டவனிடம் "இத எடு" என்று சொல்லுங்கள், ரிப்போர்ட் அடியுங்கள், உங்கள் போனில் இறங்கியிருந்தால் அழியுங்கள், அந்தப் பெண்ணுக்கோ ஒரு டீச்சருக்கோ தகவல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கு: நீங்கள் கெட்டுப்போய்விடவில்லை. நம்பி அனுப்பினீர்கள். அந்த நம்பிக்கையை உடைப்பவர்தான் குற்றவாளி. அமைதியான நேரத்தில், சண்டை எதுவும் இல்லாதபோது, "அத டெலிட் பண்ணிடு, கேலரி, பேக்கப் எல்லாத்துலயும்" என்று கேளுங்கள்.

சண்டை, பிரேக்கப்

சண்டையை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஜாடையாகப் பாட்டு வைப்பது, கறுப்பு டிபி, "சிலரோட உண்மையான முகம்" என்று வரி எழுதுவது, இதெல்லாம் அவருக்கு மட்டும் புரியும் என்று நினைப்பீர்கள், வகுப்பு முழுக்கப் புரியும். டைப் பண்ணுவதைவிட ஒரு கால் பண்ணிப் பேசுவது மேல், முடிந்தால் நேரில்.

பிரியலாம் என்று முடிவெடுத்தால் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். மெசேஜில் சொன்னாலும் பரவாயில்லை, திடீரென்று எல்லா இடத்திலும் பிளாக் போட்டுவிட்டுக் காணாமல் போவதுதான் ஆளைத் தின்னும். (மிரட்டுகிறவர், அடிக்கிறவர் என்றால் இந்த மரியாதையெல்லாம் தேவையில்லை, நேராக பிளாக்.) அதன் பிறகு கொஞ்ச காலம் அவர் ஸ்டோரியை மியூட் போடுங்கள், சாட்டை ஆர்க்கைவ் பண்ணுங்கள், அழிக்க மனசு வந்தால் அழியுங்கள். இன்னொரு ஐடி திறந்து அவர் ஸ்டோரியைப் பார்ப்பது, பொதுவான நண்பனிடம் "அவ இப்போ யார்கூட?" என்று கேட்பது, இரண்டும் காயத்தை ஆற விடாது. பிளாக் பண்ணியவரை வேறு நம்பரிலிருந்து துரத்துவது சட்டப்படியே குற்றம், ஒரு பெண் வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வதற்கு 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவே இருக்கிறது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்று அரசு நடத்துகிற மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

மிரட்டினால்

"படத்த உன் அப்பாவுக்கு அனுப்புவேன்", "பணம் அனுப்பு", "நேர்ல வா" என்று மெசேஜ் வந்தால் கை நடுங்கும். பெண்களுக்கு மட்டும் வருவதில்லை. பையன்களுக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் ஐடியிலிருந்து ரிக்வெஸ்ட் வந்து, உடனே வீடியோ கால் வந்து, அதைப் பதிவு பண்ணிப் பணம் கேட்கிற கும்பல்கள் இருக்கின்றன. ஏஐ வைத்து முகத்தை மார்ஃப் பண்ணி மிரட்டினாலும் வழி இதேதான்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, தொகைதான் ஏறும். இன்னொரு படமும் அனுப்பாதீர்கள், தனியாகப் போய்ச் சந்திக்கவும் வேண்டாம். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். ஐடி பெயர், நம்பர், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு அப்புறம் பிளாக் பண்ணுங்கள். ஆனால் ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தை நண்பர்களுக்கு ஃபார்வேர்டு பண்ணாதீர்கள்.

பிறகு ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அம்மாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், அடிக்காமல் கேட்கிற யாராக இருந்தாலும் சரி. ஆரம்பிக்கத் தெரியாவிட்டால் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள்: "அம்மா, ஒரு பெரிய பிரச்சினையில மாட்டியிருக்கேன், திட்டுறதுன்னா அப்புறம் திட்டு, இப்போ எனக்கு உதவி வேணும்." வீட்டில் யாரிடமும் சொல்லவே முடியாது என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பணம் போயிருந்தால் உடனே 1930, அது சைபர் மோசடிக்கான உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

நெட்டில் போட்ட படத்தை நீக்கவும் வழி இருக்கிறது. படம் எந்த ஆப்பில் வந்திருக்கிறதோ அதிலேயே ரிப்போர்ட் பண்ணுங்கள். அந்தரங்கப் படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் எடுத்தாக வேண்டும், 2021 ஐடி விதிகள் அதற்கு முதலில் கொடுத்த கெடு 24 மணி நேரம், 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கேயும் ஏற்ற வேண்டாம், உங்கள் போனே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண்ணை உருவாக்கி அதை மட்டும் அனுப்பும். இன்ஸ்டா, ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் மாதிரி பூட்டிய சாட்டுக்குள் போய்க் கொண்டிருந்தால் அதனால் பார்க்க முடியாது. பதினெட்டு தாண்டியவர்களுக்கு இதே வேலையை 'ஸ்டாப் என்சிஐஐ' செய்கிறது.

போலீஸ் என்றாலே வீட்டில் பயப்படுவார்கள், ஸ்டேஷனுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பார்கள். பெண்களைப் பலாத்காரம் செய்து வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் அந்தப் பெண்கள் எத்தனை பயத்தைத் தாண்டிச் சாட்சி சொன்னார்கள் என்று தெரியும். 2019-இல் வெளியே வந்த அந்த வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கிடைத்தது. போக்சோ சட்டத்தில் பிள்ளைகளுக்கென்றே சில பாதுகாப்புகள் எழுதியிருக்கிறார்கள், வீட்டாரிடம் காட்டுங்கள்: வாக்குமூலம் கொடுக்க நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்கிற இடத்திலோ வந்து வாங்குவார்கள். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வருவார், யூனிஃபார்ம் போடாமல் வருவார், அம்மா அப்பாவோ நீங்கள் நம்புகிற இன்னொருவரோ கூடவே இருக்கலாம். பெயரையும் படிக்கிற பள்ளிக்கூடத்தையும் செய்தியில் போடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.